காய்ச்சல் என்று எழுதாத லீவ் லெட்டர்

1

நான்கு வருஷமாக ஒருவரிடமும் சொல்லாத விஷயம் ஒன்று என்னிடம் இருந்தது. கட்டின புருஷனுக்கே தெரியாது. இப்போது சொல்லலாம் என்று ஆகிவிட்டது. ஊரில் இருக்கிற உங்களை விட்டால் நான் யாரிடம் போய்ச் சொல்வேன்?

போன மாதம் ஒருநாள் காலையில், கதவில் இருக்கிற ஓட்டை வழியாகத் தபால் வந்து விழுந்தது. இங்கே தபால்காரர் "அம்மா, போஸ்ட்" என்று கூப்பிடுவதில்லை, ஒரு வாய் தண்ணீர் கேட்பதும் இல்லை. சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தால் கடிதம் மட்டும் கிடக்கும். அன்றைக்குக் கிடந்தது என் மகள் கஸ்தூரியின் பெயருக்கு. ஆஸ்பத்திரியோடு சேர்ந்த பள்ளி ஒன்றில் எக்ஸ்ரே எடுக்கிற படிப்புக்கு எழுதிப் போட்டிருந்தாள். அதற்குப் பதில்.

நின்றபடியே படித்தாள், ஒரு குதி குதித்தாள். "இடம் குடுத்துட்டாங்கமா! ஆகஸ்ட்ல ரிசல்ட் வந்து பாஸாயிட்டா சேந்துக்கலாம்."

எனக்கு வயிறு குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சி ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை.

"இன்னொண்ணு கேட்டிருக்காங்க. பதினோரு வயசுலேர்ந்து படிச்ச ஸ்கூல் சர்டிபிகேட் எல்லாம் வேணுமாம். காஞ்சிபுரத்து டீசி எங்கமா வெச்சிருக்க?"

"எங்கியோ இருக்கும். தேடறேன்" என்றேன்.

தேடுவதாவது! எங்கே இருக்கிறது என்று எனக்குத்தான் தெரியுமே. மாடி அறையில் தகரப் பெட்டி. அதன் அடியில் என் கல்யாணப் பட்டு. அந்தப் பட்டின் மூன்றாவது மடிப்பில் அந்த டி.சி. அதில் பதினோராவதோ பன்னிரண்டாவதோ ஒரு கேள்வி இங்கிலீஷில் அச்சடித்திருக்கும். மேல் வகுப்புக்கு உயர்த்தத் தகுதி பெற்றவரா? அதற்கு எதிரே எங்கள் பள்ளிக்கூடக் குமாஸ்தா அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார்: இல்லை.

ஒன்பதாம் வகுப்பு ஃபெயில். அது கஸ்தூரிக்குத் தெரியாது. பாஸ் என்று நான்தான் சொல்லி வைத்திருந்தேன்.

2

அவள் மக்குப் பெண் என்று யாரும் நினைத்துவிடாதீர்கள், எனக்குக் கெட்ட கோபம் வரும். கணக்கில் அரைப்பரீட்சைக்கு எண்பத்தொன்பது வாங்கினவள். அவளைக் கவிழ்த்தது நான் எழுதின ஒரு லீவ் லெட்டர்.

அறுபத்தெட்டாம் வருஷம். பெரிய காஞ்சிபுரத்தில் வாடகை வீட்டில் இருந்தோம். எனக்குப் பிறந்த ஊர் தாமல், வாழ்க்கைப்பட்டது முசரவாக்கம். இரண்டு இடத்திலும் நிலம் உண்டு, ஹைஸ்கூல் கிடையாது. பிள்ளைகள் படிக்கவேண்டும் என்றுதான் டவுனுக்கு வந்தது. என் வீட்டுக்காரர் அதற்கு நான்கு வருஷம் முன்னாலேயே இங்கிலாந்துக்கு வந்து பர்மிங்காம் பக்கம் ஒரு பித்தளைப் பட்டறையில் சேர்ந்திருந்தார். எங்களையும் வரச்சொல்லி எழுதினார். எனக்கும் கஸ்தூரிக்கும் சின்னவன் பாபுவுக்கும் சேர்த்துப் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டோம். மூன்று பேரும் நேரில் வரவேண்டும் என்று மெட்ராஸிலிருந்து கடிதம் வந்தது. அதில் போட்டிருந்த தேதியில்தான் ஒன்பதாவதுக்கு ஆண்டுப் பரீட்சை, கணக்குப் பாடம்.

தேதியை மாற்றிக் கேட்கலாம் என்று இப்போது தெரிகிறது. அப்போது அந்தக் கடிதம் எனக்குச் சாமி உத்தரவு. தாமலிலிருந்து என் அண்ணன் துரைசாமி வந்தார். "ஊரை உட்டே போறீங்க. கணக்குப் பரீச்சை இன்னா பெரிய கணக்குப் பரீச்சை? லெட்டர் எழுதிக் குட்த்துட்டு கிளம்புமா" என்றார்.

லெட்டர் எழுதினேன். எப்படி எழுதினேன் என்பதுதான் விஷயம்.

காஞ்சிபுரத்தில் பிள்ளை பெற்ற எவருக்கும் தெரியும், லீவ் லெட்டர் என்றால் காய்ச்சல்தான். மாசி மாதம் காமாட்சியம்மன் தேர் அன்றைக்குப் பாதி வகுப்புக்குக் காய்ச்சல் வரும். அத்தை மகள் கல்யாணத்துக்கு இரண்டு நாள் காய்ச்சல், காது குத்துக்கு ஒரு நாள் காய்ச்சல். "எனக்குக் காய்ச்சலாக இருப்பதால்" என்று ஆரம்பிக்காத லீவ் லெட்டரை டீச்சர்கள் பார்த்தே இருக்கமாட்டார்கள். அவர்களும் நம்பினது கிடையாது, கேட்டதும் கிடையாது. நானும் அதுவரைக்கும் எத்தனையோ காய்ச்சல் எழுதியவள்தான்.

அன்றைக்கு மட்டும் எனக்கு எங்கிருந்தோ ஒரு திமிர் வந்தது. சீமைக்குப் போகிறவள் காய்ச்சல் என்று எழுதுவாளா? நல்ல தாளாக எடுத்து, கோடு போட்டு, "இங்கிலாந்து செல்வதற்கான பாஸ்போர்ட் விஷயமாகச் சென்னை செல்ல வேண்டியிருப்பதால்" என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். பெரிய டீச்சர் படிக்கட்டும், ஸ்டாஃப் ரூம் முழுக்கப் படிக்கட்டும் என்று இருந்தது. மறைப்பானேன், வெறும் பீத்தல்.

மெட்ராஸ் போய்வந்த மறுநாள் பெரிய டீச்சர் கூப்பிட்டு அனுப்பினார். தலைமையாசிரியையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். என் லெட்டர் மேஜைமேல் இருந்தது.

"இன்னாம்மா இப்படி எழுதிட்ட? உடம்பு சரியில்லன்னா அரைப்பரீச்சை மார்க்கை வெச்சி மேல ஏத்தலாம், ரூல்ல இடம் இருக்குது. சொந்த வேலையா ஊருக்குப் போனா ஆப்சென்ட்டுதான். ஒரு பாடம் ஆப்சென்ட்டுன்னா மொத்தமும் ஃபெயிலு."

"வேற லெட்டர் எழுதித் தரட்டுமாங்க?"

"ரிஜிஸ்தர்ல ஏறிடுச்சே. நீ ஒரே ஒரு வார்த்தை 'காய்ச்சல்'னு எழுதியிருந்தா நான் கண்ணை மூடிக்கினு கையெழுத்துப் போட்டிருப்பேன்."

திட்டினால்கூட ஆறியிருக்கும். அவர் நிஜமாகவே வருத்தப்பட்டார். அது இன்னும் மோசமாக இருந்தது. கோடை லீவில் ஒருநாள் கூப்பிட்டு அந்த ஒரு தாளை மட்டும் எழுத வைத்தால் என்ன கெட்டுப்போகும் என்று கேட்டேன். அப்படி ஒரு வழக்கமே கிடையாது என்றார். மற்ற எல்லாப் பாடத்திலும் பாஸாகிவிட்ட பெண், ஒரு தாளுக்காக எல்லாப் பாடத்தையும் மறுபடி ஒரு வருஷம் படிக்கவேண்டுமாம். இந்தச் சட்டத்தை யார் போட்டார்களோ, அவர்களுக்குப் பெண் பிள்ளை இருந்திருக்காது.

3

மே மாதம் ரிசல்ட் ஒட்டினார்கள். கஸ்தூரி தாமலில் மாமா வீட்டில் சொல்லிக்கொள்ளப் போயிருந்தாள். நான் தனியாகப் போனேன். கம்பி வலை போட்ட பலகைக்கு முன்னால் பெண்கள் மொய்த்துக்கொண்டிருந்தார்கள். பாஸானவர்களின் நம்பர் மட்டும் இருக்கும், இல்லாதவர்கள் இல்லாததைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதுதான். முப்பத்தொன்று இருந்தது, முப்பத்து மூன்று இருந்தது. முப்பத்திரண்டு இல்லை. தெரிந்த சங்கதிதான், ஆனாலும் மூன்று தடவை பார்த்தேன்.

ஆபீசுக்குள் போய் டி.சி. வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். தெரு முனையிலேயே பிடித்துக்கொண்டார்கள். "கஸ்தூரி பாஸா தனம்?" என்று எதிர்வீட்டம்மா கேட்டார். பத்து நாளில் விமானம் ஏறப்போகிறவள் எந்த வாயால் ஃபெயில் என்று சொல்வாள்?

"பாஸ்க்கா" என்றேன்.

சொன்னபின் சும்மா இருக்க முடியுமா? பாஸ் என்றால் மிட்டாய் கொடுக்கவேண்டும். கடையில் ஆரஞ்சு மிட்டாய் வாங்கித் தட்டில் போட்டு வீடு வீடாகக் கொடுத்தேன். மூன்றாவது வீட்டில் ஜரிகை வியாபாரி ஒருவரின் குடும்பம். அவர் மகள் நூர்ஜஹான் கஸ்தூரியோடு ஒரே பெஞ்சில் உட்காருகிறவள். அவளுக்கும் கொடுத்தேன்.

"நீயும் பாஸ்தானேமா?"

"ஆமா அத்தை."

"கஸ்தூரியும் பாஸு. எடுத்துக்கோ."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மிட்டாயை எடுத்தாள். வாயில் போடவில்லை. பல்வலி போல இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் கஸ்தூரி வந்தாள். "பாஸுடி" என்று சொல்லி அவள் கையிலும் ஒரு மிட்டாயைத் திணித்தேன். "அப்படியாமா" என்றாள். பயணக் களைப்பு என்று அதையும் நினைத்துக்கொண்டேன். எனக்கு நினைத்துக்கொள்வதற்கா பஞ்சம்?

4

இங்கே வந்து அவளைப் பள்ளியில் சேர்க்கப் போன நாளில் கைப்பையில் அந்த டி.சி.யை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தலைமையாசிரியர் கேட்டது ஒரே கேள்வி.

"என்ன வயசு?"

"பதினாலு" என்றார் என் வீட்டுக்காரர்.

"அப்படியானால் நாலாம் வருஷம்" என்று எழுதிக்கொண்டார். முடிந்தது. எந்த வகுப்பு முடித்தாள், பாஸா ஃபெயிலா, ஒன்றும் கேட்கவில்லை. இங்கே வருஷம் போனால் பிள்ளை தானாக அடுத்த வகுப்பில் உட்கார்ந்துகொள்ளும். எனக்கு அது திருட்டுப் பொருளை வாங்கி வைத்துக்கொண்ட மாதிரி இருந்தது. என்றைக்காவது ஒருவர் கதவைத் தட்டி, "உங்கள் மகள் ஒன்பதாவது ஃபெயிலாமே, திருப்பி அனுப்புங்கள்" என்று கேட்பார் என்று பயந்துகொண்டே இருந்தேன்.

ஒருநாள் அப்படியே கதவைத் தட்டினார்கள். பள்ளிக்கூடத்து நர்ஸம்மா. அவர் வந்தது பாபுவுக்காக. பொங்கலுக்கு ஒரு நாள், தீபாவளிக்கு ஒரு நாள், லண்டனில் ஒரு கல்யாணத்துக்கு இரண்டு நாள் என்று அவனுக்கு லீவ் லெட்டர் எழுதியிருந்தேன். எல்லாமே காய்ச்சல். ஒரு தடவை உண்மை எழுதிச் சூடுபட்டவள் மறுபடி எழுதுவேனா? ஆனால் இந்த ஊர்க்காரர்கள் எழுதினதை நம்புகிறார்கள். ஒரே வருஷத்தில் இத்தனை தடவை காய்ச்சல் வருகிற பையனுக்குக் காசநோயாக இருக்குமோ என்று பரிசோதிக்க வந்துவிட்டார். பாபு அந்த நேரம் பார்த்து, பந்தை உதைத்துக்கொண்டு வீட்டுக்குள் ஓடி வந்தான்.

"எனக்கு எப்போது அம்மா காய்ச்சல் வந்தது?" என்று அந்த அம்மா முன்னாலேயே இங்கிலீஷில் கேட்டான். படுபாவி, அதையாவது தமிழில் கேட்டிருக்கக்கூடாதா?

அவனுக்கு இப்போது தமிழ் அம்மாவிடம் சோறு கேட்கிற அளவுக்குத்தான் வருகிறது. பள்ளியில் பெற்றோர் கூட்டத்துக்குப் போய், "என் மகன் எத்தனையாவது ராங்க்?" என்று கேட்டேன். அவன் டீச்சர் சிரித்துக்கொண்டே, "அவன் சந்தோஷமாக இருக்கிறான்" என்றார். நான் என்ன கேட்டேன், இவர் என்ன சொல்கிறார்! ராங்க் போடமாட்டார்களாம். போடாவிட்டால் ஒரு பிள்ளை எங்கே நிற்கிறது என்று தாய்க்கு எப்படித் தெரியும்? இதில் மட்டும் நான் இன்றைக்கும் காஞ்சிபுரத்துக் கட்சி.

ஆனால் ஒரு விஷயத்தில் இவர்களைக் கையெடுத்துக் கும்பிடுவேன். பதினாறு வயதில் கஸ்தூரி பெரிய பரீட்சை எழுதினாள். ஆறு பாடம் பாஸ், இங்கிலீஷ் மட்டும் ஃபெயில். தாளைப் பார்த்ததும் நான் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். ஐயோ, மறுபடியும் ஒரு வருஷமா?

"எதுக்குமா அழுவற? அந்த ஒரு பேப்பர்தான். நவம்பர்ல போய் எழுதிட்டு வந்துருவேன். மத்தது பாஸ் பாஸ்தான்."

"மொத்தமும் ஃபெயில் இல்லியா?"

"இன்னாத்துக்கு? பாஸான கெமிஸ்ட்ரி இன்னா பாவம் பண்ணுச்சு?"

நவம்பரில் எழுதினாள், பாஸானாள். ஒரே ஒரு தாள். நான் பெரிய டீச்சரிடம் கேட்டது இதைத்தானே? அன்றைக்கு முழுக்க எனக்குச் சந்தோஷமும் ஆத்திரமும் மாறிமாறி வந்தது. சாம்பாரில் உப்பு இரண்டு தடவை போட்டுவிட்டேன்.

5

மறுபடி அந்தக் கடிதத்துக்கு வருகிறேன். டி.சி. கேட்டார்களே, என்ன செய்தேன் தெரியுமா? தொலைந்துவிட்டது என்று சொல்லலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள், அவர் வேலைக்குப் போனபின், அண்ணனுக்கு ஏர்மெயில் எழுத உட்கார்ந்தேன். பள்ளிக்கூடத்தில் யாரையாவது பிடித்து, 'தகுதி உண்டு' என்று போட்டு இன்னொரு டி.சி. வாங்கி அனுப்பச்சொல்லி நாலு வரி எழுதிவிட்டேன். அண்ணன் எப்படியாவது வாங்கி அனுப்புவார். அதுதான் பயமாக இருந்தது. பொய் டி.சி. பிடிபட்டால் போவது என் மானமா? அவள் இடம் போய்விடும். காய்ச்சலையே வீடு தேடி வந்து சரிபார்க்கிற ஊர் இது. ஏர்மெயிலைக் கிழித்துப் போட்டேன்.

சனிக்கிழமை மத்தியானம். அவர் பாபுவைக் கூட்டிக்கொண்டு பந்தாட்டம் பார்க்கப் போயிருந்தார். கஸ்தூரி துணி மடித்துக்கொண்டிருந்தாள். பெட்டியைத் திறந்து டி.சி.யை எடுத்துவந்து அவள் மடியில் போட்டேன்.

"நீ ஒம்போதாவது பாஸ் இல்லடி. நான்தான் பொய் சொன்னேன். காய்ச்சல்னு எழுதியிருந்தா ஏத்தி உட்டிருப்பாங்களாம். நான் பெருமைக்கு பாஸ்போர்ட்னு எழுதித் தொலைச்சேன். உன் படிப்பைக் கெடுத்தவ நான்."

ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். அவள் அந்தத் தாளை மேலிருந்து கீழே படித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"தெரியும்மா" என்றாள்.

"இன்னா தெரியும்?"

"ஃபெயிலுன்னு தெரியும். நூர்ஜஹான் போர்டைப் பாத்துட்டுத்தான் வந்திருந்தா. பஸ் ஸ்டாண்டுக்கே வந்து சொல்லிட்டா. 'உங்கம்மா மிட்டாய் குடுத்துக்கினு இருக்குதுடி, நீ எதுவும் சொல்லிடாத'ன்னா."

நான்கு வருஷம் நான் இவளிடமிருந்து மறைத்தேன், இவள் என்னிடமிருந்து மறைத்திருக்கிறாள். ஒரு வீட்டுக்குள் ஒரே பொய்யை இரண்டு பேர் காப்பாற்றியிருக்கிறோம்.

"ஏண்டி எங்கிட்ட கேக்கல?"

"எப்படி கேக்கறது? தெரு பூரா மிட்டாய் குடுத்துட்ட. நான் வந்து ஃபெயிலுன்னு சொன்னா அந்த மிட்டாயெல்லாம் திருப்பி வாங்குவியா?"

சிரித்தாள். எனக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே சிரித்தேன் என்றுதான் சொல்லவேண்டும்.

"அந்த லெட்டரைக் கொண்டுபோய்க் குடுத்ததே நான்தானே. வழியிலயே படிச்சேன். நூர்ஜஹான் சொன்னா, 'கிழிச்சிட்டு ஃபீவர்னு எழுதுடி, நானே உங்கம்மா கையெழுத்துப் போடறேன்'னு. நான்தான் வேணாம்னேன்."

"ஏன்?"

"எனக்கும் பெருமையாத்தான் இருந்துச்சு. கிளாஸ்ல எல்லாருக்கும் தெரியட்டும்னு மடிக்காம எடுத்துக்கினு போனேன். உன் பொண்ணுதானேமா நான்."

பாரம் என்று நான் தூக்கிக்கொண்டிருந்ததில் பாதியை அவள் அந்த நிமிஷமே வாங்கிக்கொண்டாள். இந்த நாட்டுக்கு வந்து பிள்ளைகள் நம்மைவிட்டு விலகிப்போகிறார்கள் என்று நாங்கள் அம்மாக்கள் சேர்ந்தால் புலம்புவோம். பாபு கொஞ்சம் விலகித்தான் போகிறான். இவள் போகவில்லை என்று அன்றைக்குத் தெரிந்தது.

"ஒண்ணு சொல்லட்டா? நீ குடுத்த மிட்டாயை நான் தின்னல. பாபுகிட்ட குடுத்துட்டேன். ஃபெயில் ஆயிட்டு எப்படித் தின்றது?"

6

திங்கட்கிழமை இரண்டு பேருமாக அந்த ஆஸ்பத்திரிப் பள்ளிக்குப் போனோம். ஆபீஸில் ஒரு வயதான அம்மா. டி.சி.யை வாங்கி, பிறந்த தேதியைக் குறித்துக்கொண்டார். கீழே இருந்த முத்திரையை அழகாக இருக்கிறது என்றார். நான் வருஷக்கணக்காகப் பயந்த அந்த வரியை அவர் கண் தொடவே இல்லை. தாளைத் திருப்பி நீட்டினார். வாங்கிக்கொண்டு ஓடிவந்துவிடலாம் என்று நான் கையை நீட்டினேன்.

கஸ்தூரி விடவில்லை. அந்த வரியில் விரலை வைத்தாள்.

"இங்கே 'இல்லை' என்று போட்டிருக்கிறது. அந்த வருஷம் நான் கணக்குப் பரீட்சை எழுதவில்லை" என்றாள்.

"ஏன்?"

"இந்த நாட்டுக்கு வரப் பாஸ்போர்ட் வாங்கப் போயிருந்தேன்."

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். "இங்கே வந்து கணக்கில் பாஸாகிவிட்டாய் அல்லவா?"

"ஆமாம்."

"அப்புறம் என்ன?" என்று சொல்லிவிட்டு ஃபைலை மூடினார்.

அவ்வளவுதான். பஸ்ஸுக்கு நிற்கும்போது, எதற்காக வாயைக் கொடுத்தாய் என்று அவளைத் திட்டினேன். "காய்ச்சல்னு எழுதிப் பழகிட்டமா நாம. ஒரு தரமாவது உள்ளதைச் சொல்லிப் பாக்கலாம்னுதான்" என்றாள்.

ரிசல்ட் போன வாரம் வந்தது. பதினாறுக்கு மேல் இரண்டு வருஷம் படித்த மூன்று பாடமும் பாஸ். இங்கே பலகையும் கிடையாது, கம்பி வலையும் கிடையாது, ஒரு தாள், ஒரு உறை. பிரித்துப் பார்த்துவிட்டு அவள் என் முன்னால் வந்து கையை நீட்டினாள்.

"இன்னாடி?"

"மிட்டாய்."

செருப்பை மாட்டிக்கொண்டு மூலைக் கடைக்குப் போனேன். ஆரஞ்சு மிட்டாய் எங்கே கிடைக்கும், கிட்டத்தட்ட அதே நிறத்தில் ஒன்று கிடைத்தது. முதல் மிட்டாயை அவள் வாயில் நானே போட்டேன். பெரிய பெண், பதினெட்டு வயது, சின்னக் குழந்தை மாதிரி வாயைத் திறந்தாள். பிறகு எவர்சில்வர் தட்டை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினேன். அம்மா வெட்கமாக இருக்கிறது, இங்கே யாரும் இப்படிச் செய்யமாட்டார்கள் என்று பாபு இங்கிலீஷில் கத்தினான். கத்தட்டும்.

பக்கத்து வீட்டு டோரீன் கதவைத் திறந்தார். தட்டைப் பார்த்தார், நெற்றியில் விபூதியும் குங்குமமுமாக நிற்கிற என்னைப் பார்த்தார்.

"என்ன விசேஷம் தனம்? யாருக்காவது பிறந்தநாளா?"

எக்ஸ்ரே படிப்பு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி, வேறு ஒன்று வந்துவிட்டது.

"என் மகள் ஒன்பதாம் வகுப்பு பாஸ்!"